டேப் ஹோலுக்கு பொசிஷன் 0.2: சி.எம்.எம். ரிஜெக்ட் என்கிறது, கவர் உட்காருகிறது

#1 கணபதி_விஎம்சி

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சின்ன ஜாப் ஒர்க் ஷாப் நடத்துகிறோம். இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின்), ஒரு பழைய ரேடியல் டிரில், அவ்வளவுதான். இப்போது ஓடுவது ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங். எஃப்ஜி 260 காஸ்டிங். ஃபேஸ் மில்லிங், நடு போர், அதைச் சுற்றி ஆறு எம்8 டேப் ஹோல் (உள்ளே மரை வெட்டிய ஓட்டை), மரை ஆழம் 16.

டிராயிங்கில் அந்த ஆறு ஹோலுக்கும் ஒரு ஃபிரேம்: பொசிஷன் (ஹோலின் அச்சு நிற்கவேண்டிய உருளை), விட்டம் 0.2, பக்கத்தில் வட்டத்துக்குள் எம், டேட்டம் (அளக்க ஆதாரமாக வைக்கும் இடம்) ஏ பி சி. ஏ என்பது ஃபேஸ், பி நடு போர், சி ஒரு டவல் ஹோல்.

முதல் லாட் போனது. கஸ்டமர் சி.எம்.எம்.மில் (நுனியில் பால் வைத்த ப்ரோபால் தொட்டு இடம் அளக்கும் மெஷின்) வைத்து அனுப்பிய ரிப்போர்ட் இது: 0.31, 0.14, 0.27, 0.24, 0.12, 0.29. நான்கு ஹோல் அவுட். லாட் முழுக்க ஹோல்ட், கூடவே 8டி ரிப்போர்ட் (குறைக்குக் காரணமும் தீர்வும் எழுதும் படிவம்) கேட்டு மெயில்.

ஆனால் கவரை வைத்துப் பார்த்தால் ஆறு திருகும் விரலாலேயே இறங்குகிறது. கவர் 20 மிமீ தடிமன், அதில் ஹோல் 9 மிமீ, அந்த ஹோலுக்கு பொசிஷன் 0.5 எம். டேப் ஹோலில் எந்த விட்டத்தை வைத்து பொசிஷன் பார்க்கவேண்டும்? அந்த எம் எங்களுக்கு ஏதாவது உதவுமா? 8டி-யில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டூல்ரூம்_தாத்தா

8டி எழுத அவசரப்படாதீர்கள் தம்பி. காரணம் தெரிவதற்கு முன்னால் எழுதிய 8டி பின்னால் நம் கழுத்துக்கே வரும்.

முதலில் இரண்டு விஷயம் கேட்டு வாருங்கள். ஒன்று, அவர்கள் அந்த மரைக்குள் ப்ரோபை எப்படித் தொட்டார்கள்? எத்தனை பாயின்ட், எந்த ஆழம், பால் என்ன சைஸ்? இரண்டு, உங்கள் பக்கம்: சென்டர் டிரில் போட்டுத்தான் 6.8 டிரில் இறக்குகிறீர்களா, டேப் ரிஜிட் ஹோல்டரிலா, கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற ஃப்ளோட்டிங்கிலா?

#3 க்யூஏ_கண்ணாடி

நான் மேஜையின் அந்தப் பக்கம் உட்காருகிறவன், சப்ளையர் குவாலிட்டி. கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். "கவர் உட்காருகிறது" என்பது வாதமே இல்லை. உங்களிடம் இருக்கும் ஒரு கவர் உட்காருகிறது. நாளைக்கு வேறு சப்ளையரிடமிருந்து, டாலரன்ஸின் மறு ஓரத்தில் இருக்கும் கவர் வரும். அப்போது அசெம்பிளி லைனில் ஆறாவது திருகு பிடிக்காமல் நிற்கும்போது ஃபோன் எனக்குத்தான் வரும். டிராயிங் 0.2 என்றால் 0.2.

#4 ப்ரோப்_பால்

ஓசூரில் சி.எம்.எம். பார்க்கிறேன். க்யூஏ சார் சொன்னது சரி. ஆனால் 0.31 என்ற எண் அந்த ஹோலின் எண்தானா என்பது தனிக் கேள்வி.

முதலில் எந்த விட்டம் என்பது. டிராயிங் விதி ஏஎஸ்எம்இ ஒய்14.5 ஆனாலும் ஐஎஸ்ஓ 1101 ஆனாலும், டிராயிங்கில் வேறு எதுவும் எழுதவில்லை என்றால் மரைக்குக் கொடுத்த பொசிஷன் பிட்ச் சிலிண்டரின் (மரையின் மேடும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் உருளையின்) அச்சுக்குத்தான். உள் விட்டத்துக்கு வேண்டுமென்றால் ஃபிரேமுக்குக் கீழே மைனர் டயா என்று எழுதியிருக்கவேண்டும். உங்கள் டிராயிங்கில் அது இல்லை.

சி.எம்.எம்.மில் பிட்ச் சிலிண்டரை நேராகத் தொடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் எல்லோரும் உள் விட்டத்தைத் தொட்டுவிட்டு, டேப் எப்படியும் டிரில் ஹோலைத்தான் பின்தொடரும் என்று வைத்துக்கொள்கிறோம். கட்டிங் டேப்புக்கு அது பெரும்பாலும் சரிதான். தவறு நடப்பது தொடும் விதத்தில்.

எம்8-க்கு பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 1.25. ஒரே ஆழத்தில் நான்கு திசையில் தொட்டால், ஒரு பாயின்ட் மரையின் மேட்டில் விழும். அதற்கு நேர் எதிர்ப் பாயின்ட் அரைச் சுற்று தள்ளி, அதாவது அரை பிட்ச் தள்ளி, சரியாகப் பள்ளத்தில் விழும். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். சாஃப்ட்வேர் இரண்டுக்கும் நடுவில் சென்டர் போடும். ஹோல் நகரவே இல்லை, சென்டர் நகர்ந்துவிட்டது.

எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6.8 டிரில் போட்ட எம்8 மரையில் பள்ளத்தின் வாய் சுமார் 0.85 மிமீ. 2 மிமீ பால் அந்த வாயில் ஏறக்குறைய 0.09 இறங்கும். சென்டர் அதில் பாதி நகரும், பொசிஷன் அதை இரண்டால் பெருக்கும். ஆக ஒரு மாசும் இல்லாத ஹோலுக்கே ரிப்போர்ட்டில் 0.09 வரும். உங்கள் டாலரன்ஸில் கிட்டத்தட்ட பாதி. நிஜப் பிழையோடு அது எந்தத் திசையில் சேருகிறது என்பதைப் பொறுத்து சில ஹோலில் கூடும், சிலவற்றில் குறையும். கவனியுங்கள், குறையவும் செய்யும். உங்கள் ரிப்போர்ட்டில் 0.12 என்று பாஸ் ஆன ஐந்தாவது ஹோலையும் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. சின்ன பால் போட்டால் துல்லியம் கூடும் என்று சிலர் 1 மிமீ பால் மாட்டுவார்கள். அது பள்ளத்துக்குள் 0.23 வரை போய்விடும். நிலைமை மோசமாகும்.

சரியான வழி ஹெலிக்ஸ் பாதை. ஒரு சுற்றுக்கு 1.25 கீழே இறங்கிக்கொண்டே தொடவேண்டும். அப்போது எல்லாப் பாயின்ட்டும் மரையின் ஒரே இடத்தில் விழும், மேடானாலும் பள்ளமானாலும் வித்தியாசம் ரத்தாகிவிடும். பெரும்பாலான சாஃப்ட்வேரில் ஹோல் அளக்கும் பக்கத்திலேயே பிட்ச் போட ஒரு கட்டம் உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை, பூஜ்யமாகவே கிடக்கும்.

#5 கணபதி_விஎம்சி

கேட்டுவிட்டேன். 2 மிமீ பால், நான்கு பாயின்ட், ஃபேஸிலிருந்து 5 மிமீ ஆழத்தில், ஒரே லெவல். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது.

தாத்தா, சென்டர் டிரில் போடுகிறோம். டேப் ஃப்ளோட்டிங் ஹோல்டரில்தான். ஒரு மெஷின் பழையது, அதில் ரிஜிட் டேப்பிங் ஆப்ஷன் இல்லை.

#6 பாலிடெக்னிக்_பையன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். இவ்வளவு தலைவலி எதற்கு? எக்ஸ், ஒய் இரண்டுக்கும் பிளஸ் மைனஸ் 0.1 கொடுத்துவிட்டால் முடிந்ததே?

#7 டூல்ரூம்_தாத்தா

பிளஸ் மைனஸ் 0.1 என்பது 0.2-க்கு 0.2 ஒரு சதுரம். மூலைக்கு மூலை 0.283. ஹோல் மூலைப் பக்கமாக 0.14 நகர்ந்தால் பாஸ், அதே 0.14 நேர்ப் பக்கமாக நகர்ந்தால் ஃபெயில். போல்ட் உருண்டைதானே, அதற்கு மூலை ஏது? நகர்ந்த தூரம்தான் அதற்குக் கணக்கு. அந்தச் சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் 57 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கிறது, எந்த நஷ்டமும் இல்லாமல். இந்த யோசனைக்கு வழிவகுத்தவர் என்று ஸ்டான்லி பார்க்கர் பெயரைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் டார்பிடோ செய்கிற அரசுத் தொழிற்சாலைக்காரர். ரிஜெக்ட் ஆன பாகங்களெல்லாம் நன்றாகவே அசெம்பிள் ஆவதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்ததாம். கணபதித் தம்பியின் கதைதான், எண்பது வருடத்துக்கு முன்னால்.

அப்புறம் இன்னொரு விஷயம். பிளஸ் மைனஸில் ஹோல் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. டேப் ஹோலில் சாய்வுதான் பாதிக் கதை. டிசைன்காரர்கள் யாராவது இருந்தால் அதைச் சொல்லட்டும்.

#8 டிராயிங்_டேபிள்

இருக்கிறேன் தாத்தா. பத்துப் பதினைந்து வருடமாக டிராயிங் போடுகிறேன், இந்த மாதிரி ஃபிரேம் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். உங்கள் டிராயிங்கில் 0.2 என்பதை விட, அங்கே இல்லாத ஒன்றுதான் பெரிய பிரச்சினை: வட்டத்துக்குள் பி (ஆங்கில P, டேட்டம் பி அல்ல). ப்ரொஜெக்டட் டாலரன்ஸ் ஜோன், அதாவது டாலரன்ஸ் உருளையை ஹோலுக்கு வெளியே கவரின் உயரத்துக்கு நீட்டுவது.

அது இல்லாதபோது அந்த 0.2 உருளை ஹவுசிங்குக்கு உள்ளே, 16 மிமீ ஆழத்துக்குள் மட்டும் நிற்கிறது. ஆனால் திருகு கவரோடு மோதுவது எங்கே? ஹவுசிங்குக்கு வெளியே, மேலே 20 மிமீ வரைக்கும். கொடிக்கம்பத்தின் அடியில் விரல்கடை சாய்வு இருந்தால் உச்சியில் முழம் சாயும், அதுதான் இங்கேயும்.

எண்ணில் பார்ப்போம். 16 மிமீ ஆழத்தில் அச்சு 0.2 உருளையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்ந்தால் ஒரு மிமீ-க்கு 0.0125 சாய்வு. ஃபேஸில் ஏற்கெனவே 0.1 தள்ளி நிற்கிறது. மேலே 20 மிமீ போனால் இன்னொரு 0.25. மொத்தம் 0.35 தள்ளி, அதாவது விட்டக் கணக்கில் 0.7. டிராயிங்கில் 0.2 என்று எழுதிவிட்டு, கவரின் மேல் விளிம்பில் 0.7 கொடுத்திருக்கிறார்கள். தெரிந்து கொடுத்திருக்கமாட்டார்கள்.

கவர் ஹோல் தேவை = திருகு விட்டம் + கவர் டாலரன்ஸ் + டேப் ஹோலின் டாலரன்ஸ். இது ஒய்14.5-இன் பின்னிணைப்பில் ஃபிக்ஸட் ஃபாஸ்டனர் என்ற பெயரில் இருக்கும் கணக்கு, பி போட்டிருந்தால் மட்டும் செல்லும். போடவில்லை என்றால் கடைசி எண்ணை (1 + 2 × கவர் தடிமன் ÷ மரை ஆழம்) என்பதால் பெருக்கவேண்டும். உங்களுக்கு அது 1 + 40/16, அதாவது 3.5.

இப்போதைய டிராயிங்: 8 + 0.5 + 0.2 × 3.5 = 9.2. கவரில் இருக்கும் ஹோல் 9.0. ஆக, இவ்வளவு டைட்டாக 0.2 போட்டும், இரண்டு பாகமும் டாலரன்ஸின் ஓரத்தில் இருந்தால் திருகு இறங்காது.

பி போட்டு, உயரம் 20 என்று எழுதி, டேப் ஹோலுக்கு 0.5 கொடுத்தால்: 8 + 0.5 + 0.5 = 9.0. கச்சிதம். உங்களுக்கு டாலரன்ஸ் 0.2-இலிருந்து 0.5 ஆகிறது, அசெம்பிளிக்கு எப்போதும் பொருந்தும் என்ற உறுதி கிடைக்கிறது. கஸ்டமரிடம் கேட்கவேண்டியது இதைத்தான். "எங்களால் 0.2 முடியவில்லை, கூட்டிக் கொடுங்கள்" என்று போகாதீர்கள். "உங்கள் 0.2-இல் ஓட்டை இருக்கிறது, அடைத்துத் தருகிறோம்" என்று போங்கள்.

ஒரு எச்சரிக்கை: பி மட்டும் வாங்கிக்கொண்டு 0.2-ஐ அப்படியே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மாட்டிக்கொள்வீர்கள்.

#9 க்யூஏ_கண்ணாடி

மேடம் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது டிராயிங் ரிவிஷன், மாதக் கணக்கில் ஆகும். லாட் இன்றைக்கு ஹோல்டில் நிற்கிறது. இப்போது அந்த எம்-ஐ வைத்து போனஸ் (ஹோல் பெரிதான அளவுக்குக் கூடும் டாலரன்ஸ்) கொடுத்தால் என்ன? எங்கள் ஆட்கள் உள் விட்டம் அளந்து, மிகச் சிறிய உள் விட்டமான 6.647-க்கு மேல் எவ்வளவோ அதை 0.2-ஓடு கூட்டுவார்கள். 6.8 என்றால் 0.15 போனஸ், 0.35 வரை பாஸ். இவருடைய ஆறு ஹோலும் தப்பித்துவிடும்.

#10 ப்ரோப்_பால்

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தவறு. டேட்டமோ பொசிஷனோ பிட்ச் சிலிண்டருக்கு என்றால் போனஸும் பிட்ச் விட்டத்திலிருந்துதான் வரவேண்டும். எம்8 6எச்-க்கு (6எச் என்பது உள் மரையின் டாலரன்ஸ் வகுப்பு) பிட்ச் விட்டம் 7.188 முதல் 7.348. முழு போனஸே 0.16, அதுவும் நோ-கோ கேஜ் (நுழையக்கூடாத கேஜ்) கிட்டத்தட்ட நுழைகிற அளவுக்குப் பெரிய மரைக்கு. டிரில் பெரிதாகப் போட்டதற்கும் பிட்ச் விட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. 6.9 டிரில் போட்டுவிட்டு டைட்டான டேப் அடித்தால் உங்கள் கணக்கில் போனஸ் 0.25, நிஜத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

என் கருத்து, டேப் ஹோலுக்கு எம் போடவே கூடாது. திருகை இறுக்கினால் மரையின் சாய்வுப் பக்கங்கள் ஒன்றோடொன்று அழுந்தி அதுவே சென்டருக்கு வந்துவிடும். லூஸ் இருந்தாலும் திருகு நகர்ந்துகொடுக்காது. நகராதபோது போனஸ் எங்கிருந்து வரும்?

#11 டிராயிங்_டேபிள்

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. இறுக்கிய பிறகு சென்டருக்கு வரும், சரி. ஆனால் அசெம்பிளியில் தகராறு வருவது இறுக்கும்போது இல்லை, ஆறு திருகையும் முதல் இரண்டு மரை பிடிக்க வைக்கும்போது. அப்போது லூஸ் உண்டு. 6எச் ஹோலில் 6ஜி திருகு போட்டால் பிட்ச் விட்டத்தில் குறைந்தது 0.028, அதிகபட்சம் 0.3 வரை இடைவெளி. அந்த ஆட்டம் உதவத்தான் செய்கிறது.

நான் எம் போடுவது வேறு காரணத்துக்காகவும். எம் இருந்தால்தான் நிலையான கேஜ் கட்ட முடியும். டேட்டம் பி-க்கு ஒரு ஸ்பிகாட் (போருக்குள் நுழையும் உருளை), டேட்டம் சி-க்கு ஒரு பின், 20 மிமீ தடிமன் பிளேட், ஆறு புஷ். திருகுகிற முனை கோ அளவில், தண்டு 8.00, புஷ் 8.00 + டாலரன்ஸ். ஆறும் இறங்கினால் பாஸ். சி.எம்.எம். க்யூவில் நிற்கவேண்டாம்.

#12 ப்ரோப்_பால்

கேஜுக்காக என்றால் ஏற்கிறேன். போனஸ் எண் போட்டு ரிப்போர்ட் அடிப்பதற்காக என்றால் மாட்டேன். நாம் இரண்டு பேரும் இதை முன்னாலேயே ஒரு தடவை சண்டை போட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன் மேடம், அப்போதும் முடியவில்லை.

#13 அம்பத்தூர்_அலுமினியம்

அலுமினியம் டை காஸ்டிங் செய்கிறவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால், அவர்களுக்கு இரண்டு வரி. நாங்கள் ஃபார்ம் டேப் போடுகிறோம், எம்8-க்கு 7.4 டிரில். சிப் கிடையாது, உலோகம் பிதுங்கி மேடாகிறது. அந்த மேட்டின் உச்சியில் நடுவில் ஒரு பிளவு இருக்கும். ப்ரோப் அதன்மேல் விழுந்தால் எண் ஆட்டம் போடும். உள் விட்டத்தை நம்பி பொசிஷன் பார்க்கவே பார்க்காதீர்கள்.

த்ரெட் மில்லிங் வேறு மாதிரி. டிரில் ஒரு டூல், மரை வேறு டூல், வட்டமாகச் சுற்றி வெட்டுவது. டிரில் நழுவியிருந்தாலும் த்ரெட் மில் புரோகிராம் சொன்ன சென்டரில்தான் வெட்டும். உள் விட்டத்தின் அச்சும் பிட்சின் அச்சும் வேறு வேறாக இருக்கும். உள் விட்டத்தை அளந்தால் நல்ல ஹோல் ரிஜெக்ட் ஆகும். மரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் சப்பையாகவும் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

#14 கணபதி_விஎம்சி

அப்டேட். பக்கத்திலேயே ஒரு லேபில் மணிக்கணக்கில் வாடகைக்கு சி.எம்.எம். எடுத்தோம். அவர்களிடம் மரைக்குள் திருகி வைக்கும் லொகேஷன் பின் இருந்தது: கீழே மரை, மேலே கிரைண்டிங் செய்த உருளை. உருளையை இரண்டு உயரத்தில் தொட்டு, அச்சை ஃபேஸிலும் ஃபேஸுக்கு 20 மிமீ மேலேயும் பார்த்தோம்.

ஃபேஸில்: 0.18, 0.15, 0.16, 0.13, 0.12, 0.17.
20 மிமீ மேலே: 0.21, 0.17, 0.19, 0.16, 0.38, 0.20.

கஸ்டமர் ரிஜெக்ட் செய்த நான்கு ஹோலும் (1, 3, 4, 6) ஃபேஸில் 0.2-க்குள். அவர்கள் பாஸ் செய்த ஐந்தாவது ஹோல் சாய்ந்து நிற்கிறது! ப்ரோப்_பால் சார், வாயில் சர்க்கரை போடவேண்டும் உங்களுக்கு.

#15 ப்ரோப்_பால்

சர்க்கரை இருக்கட்டும். அந்தப் பின்னுக்குத் தோள் இருந்ததா? தோள் வைத்த பின்னை ஃபேஸில் முட்டும் வரை இறுக்கினால் அது ஃபேஸுக்குச் செங்குத்தாக நின்றுவிடும், மரையின் சாய்வு மறைந்துவிடும். தோள் இல்லாத பின்தான் வேண்டும். சாதாரண கோ பிளக் கேஜைத் திருகி அதைத் தொடுகிறவர்களும் உண்டு. அதில் ஆட்டம் இருக்கும், கையை எடுத்தால் தலை சாயும். ஒரு இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றித் திருகியதைப் பார்த்திருக்கிறேன். குழாய் ஃபிட்டிங் வேலை என்று நினைத்துவிட்டார்கள் போல.

#16 கணபதி_விஎம்சி

தோள் இல்லை சார். பிட்ச் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் மூன்று பின் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஹோலுக்கும் ஆடாமல் இறங்குகிற பெரிய பின்னைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்த ஐந்தாவது மட்டும் ஏன் என்று தெரியவில்லை. அதே டூல், அதே புரோகிராம், அதே ஃபிக்ஸ்சர்.

#17 டூல்ரூம்_தாத்தா

ஆறும் ஒரே திசையில் ஒரே அளவு சாய்ந்திருந்தால் ஃபிக்ஸ்சர், இல்லையென்றால் ஃபேஸுக்குக் கீழே சிப் மாட்டியது என்று சொல்வேன். ஒன்று மட்டும் என்றால் அந்த இடத்தில் காஸ்டிங்கைப் பாருங்கள். டிரில் வெளியேறுகிற பக்கம் என்ன இருக்கிறது? உள்ளே கோர் சுவர் (வார்ப்பின் உள் குழியின் சுவர்) சரிவாக வந்தால் டிரில் நுனியின் ஒரு வெட்டு முனை காற்றிலும் மறு முனை இரும்பிலும் ஓடும். அப்படியே ஒதுங்கிப் போகும். சென்டர் டிரில் மேலே வாயைத்தான் சரியாக வைக்கும், அடியில் நடப்பதற்கு அது பொறுப்பில்லை. அதனால்தான் உங்கள் ஐந்தாவது ஃபேஸில் 0.12 என்று எல்லாவற்றையும் விட நன்றாக இருக்கிறது.

டேப்பைக் குறை சொல்லாதீர்கள். டேப் போட்ட பாதையில் போகிற ஜீவன், கோணல் ஹோலில் கோணலாகத்தான் போகும். ஃப்ளோட்டிங் ஹோல்டர் இன்னும் நன்றாகவே வளைந்துகொடுக்கும். ரிஜிட் ஆக்கினாலும் சாய்வு நேராகாது, டேப் வேண்டுமானால் உடையும்.

#18 கணபதி_விஎம்சி

காஸ்டிங்கை வெட்டிப் பார்த்தோம். தாத்தா சொன்னதேதான். ஐந்தாவது ஹோலுக்கு அடியில் ஆயில் பாக்கெட்டின் கோர் சுவர் சரிவாக வருகிறது. டிரில் கடைசி நான்கைந்து மிமீ அந்தச் சரிவில் ஓடுகிறது.

இப்போது என்ன செய்வது? கோரை மாற்ற முடியாது, பேட்டர்ன் அவர்களுடையது.

#19 டூல்ரூம்_தாத்தா

கட்டையான கார்பைட் டிரில் போடுங்கள், நீட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சரிவு ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு மிமீ முன்னாலிருந்து ஃபீடைப் பாதியாக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் 6.5-இல் டிரில் செய்து, 6.8-ஐ எண்ட் மில்லில் சுற்றிவிட்டு, அப்புறம் டேப். நேரம் போகும், ஆனால் ஒரு ஹோல்தானே.

#20 க்யூஏ_கண்ணாடி

கணபதி, என் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. 8டி-யில் "மெஷர்மென்ட் தவறு" என்று மட்டும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், சப்ளையர் எல்லோரும் எழுதுவது அதுதான். ஐந்தாவது ஹோலை நீங்களே முன்வைத்து எழுதுங்கள். "உங்கள் முறையில் இது பாஸ் ஆகிவிட்டது, நாங்கள் பிடித்தோம், காரணம் கோர் சுவர், இதோ வெட்டிய படம்" என்று. அதற்குப் பிறகு மற்ற நான்கு ஹோலைப் பற்றிச் சொன்னால் காதில் விழும்.

மேலே நான் சொன்ன உள் விட்ட போனஸ் விஷயம், எங்கள் ஆட்களிடம் பேசிவிட்டேன். நிறுத்தியாகிவிட்டது.

#21 டிராயிங்_டேபிள்

க்யூஏ சார் சொன்னதற்கு இரண்டு கையும் தூக்குகிறேன். 8டி-யோடு என் கணக்கையும் இணையுங்கள், 9.2-க்கும் 9.0-க்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வரியில் போடுங்கள். டிசைன் டிபார்ட்மென்டில் யாராவது ஒருவர் கால்குலேட்டரை எடுப்பார்.

அப்புறம் கவர் பக்கத்தில் கவுன்டர்சங்க் திருகா, ஆலன் திருகா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டர்சங்க் என்றால் என் கணக்கு செல்லாது. கூம்புத் தலை கவரிலும் திருகை நிலையாகப் பிடித்துவிடும், 9 மிமீ ஹோலில் இருக்கும் இடைவெளி வெறும் காற்று. அப்போது டேப் ஹோல் நிஜமாகவே டைட்டாக வேண்டியிருக்கும்.

#22 கணபதி_விஎம்சி

ஆலன் திருகுதான் மேடம், 15 மிமீ கவுன்டர்போர். தலை 13, அதனால் அங்கே இடிக்காது.

நேற்று கஸ்டமர் இடத்தில் மீட்டிங். லாட்டை டீவியேஷனில் (இந்த லாட்டுக்கு மட்டும் விதிவிலக்காக) எடுத்துக்கொண்டார்கள். சி.எம்.எம். புரோகிராமில் பிட்ச் போட்டு மறுபடி ஓட்ட ஒப்புக்கொண்டார்கள். டிராயிங்குக்கு வட்டத்துக்குள் பி, உயரம் 20, சேர்ப்பதாகச் சொன்னார்கள். ஆனால் 0.5 கேட்டதற்கு அவர்கள் டிசைனர் 0.4-க்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். எம்-ஐ எடுக்கவும் மாட்டாராம், பழைய டிராயிங் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறதாம். 0.4 எனக்குப் போதும், ஐந்தாவது 0.38 கூட உள்ளே வந்துவிடும், ஆனால் மூச்சுவிட இடமில்லை. கட்டை கார்பைட் டிரில் ஆர்டர் போட்டாயிற்று.

#23 பாலிடெக்னிக்_பையன்

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் காலேஜ் சி.எம்.எம்.மில் இதைச் செய்து பார்க்க ஆசை. ஹெலிக்ஸ் பாதைக்கு எந்த ஆழத்தில் ஆரம்பிக்கவேண்டும், எவ்வளவு கீழே போகவேண்டும்?

#24 ப்ரோப்_பால்

வாயில் சேம்ஃபர் (சாய்த்து வெட்டிய விளிம்பு) இருக்கும், முதல் மரை பாதிதான் இருக்கும், பர் (வெட்டுப் பிசிறு) வேறு. அதனால் எம்8-க்கு ஃபேஸிலிருந்து இரண்டு பிட்ச், 2.5 மிமீ விட்டுவிட்டு ஆரம்பி தம்பி. ஒரு சுற்றுக்கு எட்டு பாயின்ட், பாயின்ட்டுக்கு 0.156 இறக்கம். அப்படி ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று முடிந்தவரை அடியில், இரண்டு சென்டரையும் சேர்த்து அச்சு போடு. ஒரு சுற்று மட்டும் எடுத்தால் சாய்வு தெரியாது. வலது மரைக்கு இறங்கும் திசை எது என்று சாஃப்ட்வேரில் சரிபார்த்துக்கொள். தலைகீழாகப் போட்டால் மேடு பள்ளம் இரண்டு மடங்கு வேகமாக மாறும். ஓட்டுவதற்கு முன்னால் ஹோலை ஏர் அடித்துத் துடை, வார்ப்பிரும்புப் பொடி கூலன்ட்டோடு சேர்ந்து மரைக்குள் அப்பிக்கொண்டிருக்கும்.